நிலையமும் முனையமும்: கிராண்ட் சென்ட்ரலின் பெயர், மரபு, வணிகம்

ஆய்வுச் சுருக்கம்

நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் தொடர்வண்டி முனையம் 1913-இல் திறக்கப்பட்டது. வணிகப் பேராசைக்கு இரையாகவிருந்த ஒரு மரபுக் கட்டடத்தைப் பாதுகாப்பாளர்கள் மீட்டெடுத்தனர் என்றே அதன் வரலாறு பொதுவில் சொல்லப்படுகிறது. ஆனால் அக்கட்டடம் எழுந்ததே ஒரு வணிகத் திட்டமாகத்தான். கட்டுவதற்குப் பணம் தேடித்தந்த ‘வான்வெளி உரிமை’ என்னும் கருத்தே பின்னர் அதை இடிபாட்டின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. அதே கருத்தின் திருத்திய வடிவமே அதைக் காப்பாற்றவும் துணைநின்றது. முனையத்தின் பெயர் வரலாற்றையும் 1978-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் பிற்கால வணிகப் பயன்பாட்டையும் முன்வைத்து இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கிராண்ட் சென்ட்ரல், மரபுச்சின்னப் பாதுகாப்பு, வான்வெளி உரிமை, மாற்றத்தக்க மேம்பாட்டு உரிமை, பொதுவெளி.

முன்னுரை

மரபும் வணிகமும் ஒன்றற்கொன்று பகை என்பது கட்டடப் பாதுகாப்பு பற்றிய எழுத்துகளில் ஏறக்குறைய எழுதாச் சட்டமாக நிலைபெற்றுவிட்டது. கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றைப் பொறுத்தவரை இக்கருத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளின் பெரிய தொடர்வண்டி நிலையங்களுக்கு இதனை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. அவை தனியார் நிறுவனங்களின் மூலதனத்தால், வருவாய் கருதிக் கட்டப்பட்டவை. எனவே அவற்றில் வணிகம் எப்போது நுழைந்தது என்று கேட்பது பயனற்றது. எவ்வகை வணிகம், எந்த இடத்தில், யாருடைய இடத்தைக் குறைத்து நிகழ்கிறது என்பதே கேட்கத்தக்கது. கிராண்ட் சென்ட்ரலின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இதற்குத் தெளிவான சான்றுகளைத் தருகிறது.

பெயர்

இன்றுள்ள கட்டடம் அவ்விடத்தில் நின்ற மூன்றாவது கட்டடம் என்று சொல்லலாம். 1871-இல் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் எழுப்பியது ‘கிராண்ட் சென்ட்ரல் டெப்போ’. மன்ஹாட்டனில் 42-ஆம் தெருவுக்குத் தெற்கே நீராவி எஞ்சின்கள் செல்லக்கூடாது என்று நகர நிருவாகம் தடைவிதித்திருந்தமையால் அது அங்கே அமைந்தது. அக்காலத்தில் அப்பகுதி நகரின் புறஞ்சேரி. ஆகவே ‘சென்ட்ரல்’ என்னும் சொல் நகரின் நடுவிடத்தைச் சுட்டவில்லை. வாண்டர்பில்ட்டின் ‘நியூயார்க் சென்ட்ரல்’ என்ற தொடர்வண்டி நிறுவனத்தின் பெயரையே ஏந்தி நின்றது. நகரம் வடக்கு நோக்கி வளர்ந்து நிலையத்தைச் சூழ்ந்தபின்னரே பெயர் தன் நேர்ப்பொருளைப் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டெப்போ விரிவாக்கப்பட்டு ‘கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்’ ஆயிற்று. அதுவும் இடிக்கப்பட்டு, 1913 பிப்ரவரி 2 அன்று திறக்கப்பட்ட இன்றைய கட்டடத்துக்குக் ‘கிராண்ட் சென்ட்ரல் டெர்மினல்’ என்று பெயரிடப்பட்டது. வண்டிகள் ஊடுருவிச் செல்லாமல் அங்கேயே முடிந்து அங்கிருந்தே புறப்படுவதால் ‘முனையம்’ என்பதே துல்லியமான சொல். ‘கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்பது முறைப்படி அருகிலுள்ள அஞ்சலகத்தின் பெயர். முனையத்தின் கீழேயுள்ள சுரங்க இரயில் நிறுத்தத்தையும் அவ்வாறு குறிப்பது பொருந்தும். எனினும் மக்கள் வழக்கில் நூறாண்டுக்கு மேலாக ‘ஸ்டேஷன்’ என்பதே நீடிக்கிறது. எலிசபெத் ஸ்மார்ட் 1945-இல் வெளியிட்ட புகழ்பெற்ற உரைநடைப் படைப்பின் தலைப்பிலும் இடம்பெறுவது ‘ஸ்டேஷன்’தான்.

தமிழில் நிலையம், முனையம் என்னும் இரு சொற்களும் வழங்குவதால் இவ்வேறுபாடு தமிழ் வாசகர்க்கு எளிதில் விளங்கும். கிளாம்பாக்கத்தில் 2023-இன் இறுதியில் திறக்கப்பட்டது ‘பேருந்து முனையம்’ என்றே பெயர்பெற்றுள்ளது. பயணியரோ ‘பஸ் ஸ்டாண்ட்’ என்கின்றனர். 2019-இல் எம்.ஜி. இராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்ட சென்னைத் தொடர்வண்டி நிலையமும் வண்டிகள் முடியும் முனையமே. ஆட்டோ ஓட்டுநரிடம் சொல்லப்படும் சொல் இன்றும் ‘சென்ட்ரல்’ என்பதுதான். அரசாணையோ நிறுவன ஆவணமோ ஒரு பெயரைப் பலகையில் ஏற்றலாம். நாவில் ஏற்றுவது அதனால் இயலாது.

அமெரிக்க எடுத்துக்காட்டில் கருதத்தக்க வேறொரு செய்தி உண்டு. வாண்டர்பில்ட் குடும்பம் முனையத்துக்குத் தன் பெயரைச் சூட்டவில்லை. மாறாக, குடும்பச் சின்னமான ஓக் மர இலைகளையும் கொட்டைகளையும் விளக்குகளிலும் சுவர்களிலும் செதுக்கி வைத்தது. பெயரில்லாத உரிமைக் குறிப்பு அது. 1998-இல்தான் பழைய காத்திருப்புக் கூடத்துக்கு ‘வாண்டர்பில்ட் கூடம்’ என்று பெயரிடப்பட்டது; அதாவது, அக்குடும்பத்தின் நிறுவனமே இல்லாமற்போன பின்னர்.

வான்வெளி என்னும் மூலதனம்

1902 ஜனவரி 8 அன்று பார்க் அவென்யூ சுரங்கப்பாதையில் புகை மண்டியிருந்த நிலையில், நின்றிருந்த வண்டியின் மீது மற்றொரு வண்டி மோதியது. பதினைந்து பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். மக்களின் சினம் சட்டமாயிற்று: 1908 முதல் மன்ஹாட்டனில் நீராவி எஞ்சின்களுக்கு இடமில்லை. நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ் 1902-இன் இறுதியிலேயே ஒரு திட்டத்தை முன்வைத்தார். எஞ்சின்களை மின்சாரத்துக்கு மாற்றுவது, தண்டவாளங்களை நிலத்துக்கடியில் இரு தளங்களாக அமைப்பது என்பவை அதன் பொறியியல் பகுதி. பொருளியல் பகுதியே புதுமையானது.

நீராவி எஞ்சின் ஓடும்வரை தண்டவாளங்களின் மேல் கூரையிட முடியாது; புகை வெளியேற வேண்டும். மின்சார எஞ்சினுக்குப் புகையில்லை. ஆகவே தண்டவாளங்களை மூடி, அவற்றுக்கிடையே தூண்களை இறக்கி, மேலே கட்டடம் எழுப்பலாம். அதுவரை வெறும் புகைவழியாக இருந்த வெளி விற்கத்தக்க, குத்தகைக்கு விடத்தக்க பொருளாக மாறியது. காற்றிலிருந்து செல்வம் எடுப்பது என்று வில்கஸ் கருதியது உவமை அன்று, கணக்கு. 42-ஆம் தெருவுக்கு வடக்கே எட்டுத் தெருக்களின் நீளத்துக்கு உணவுவிடுதிகளும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் தண்டவாளங்களின் மீது எழுந்தன. 1931-இல் திறக்கப்பட்ட வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதி அவற்றுள் ஒன்று. இவ்வருவாயை நம்பியே முனையத்தின் பெருஞ்செலவு ஏற்கப்பட்டது.

கட்டடக் கலைஞர் தேர்விலும் வணிகக் குடும்பங்களின் இயல்பு வெளிப்பட்டது. முதலில் தேர்வான ரீட் அண்ட் ஸ்டெம் நிறுவனத்தின் ரீட், வில்கஸின் மைத்துனர். பின்னர் இணைக்கப்பட்ட வாரன் அண்ட் வெட்மோர் நிறுவனத்தின் வாரன், வாண்டர்பில்ட் குடும்பத்தின் உறவினர். உறவுமுறையால் வந்த இரு தரப்பாரும் உருவாக்கிய கட்டடம் சிறப்பாக அமைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளங்களால் தளங்களை இணைத்தது ரீட் அண்ட் ஸ்டெம்மின் பங்களிப்பாகவும், முகப்பின் பெருமிதம் வாரனின் பங்களிப்பாகவும் கருதப்படுகின்றன. முகப்பின் உச்சியில் நடுநாயகமாக நிற்கும் சிற்பம் மெர்குரி; உரோமானியத் தொன்மத்தில் பயணத்துக்கும் வணிகத்துக்கும் உரிய தெய்வம். கட்டியவர்கள் எதையும் மறைக்கவில்லை.

275 அடி நீளமும் 120 அடி அகலமும் 125 அடி உயரமும் கொண்ட பெருங்கூடம் மட்டும் இக்கணக்குக்கு வெளியே நின்றது. அவ்வளவு பெரிய வெற்றிடத்திலிருந்து நேரடி வருவாய் இல்லை. சூழவுள்ள நிலத்தின் மதிப்பை உயர்த்துவதே அதன் பணி என்று முதலாளிகள் கருதியிருக்கலாம். விளைவு எதுவாயினும், பயணச்சீட்டு இல்லாதவரும் நுழையக்கூடிய, கட்டணமற்ற ஒரு பொதுவெளி நகரின் மிக விலையுயர்ந்த நிலத்தில் உருவாயிற்று. கிராண்ட் சென்ட்ரல் பற்றிய பிற்காலப் பூசல்கள் அனைத்தும் இவ்வெற்றிடத்தைச் சுற்றியே நிகழ்ந்தன.

மரபுச் சின்னமும் வழக்கும்

1947-இல் ஆறரைக் கோடிப் பயணியர் வந்துசென்ற முனையம், நெடுஞ்சாலைகளும் வானூர்திகளும் பெருகியதும் விரைவில் நலிந்தது. 1954-இல் அதனை இடித்துவிட்டு ஐ.எம். பெய் வடிவமைத்த வானளாவியை எழுப்பும் திட்டம் பேசப்பட்டது. அது கைவிடப்பட்டது. காத்திருப்புக் கூடத்தைக் குறுக்கே தளங்களாகப் பிரித்துப் பந்துருட்டு ஆடுகளங்கள் அமைக்கும் முயற்சியும் 1961-இல் நகர அமைப்பின் மறுப்பால் நின்றது. 1963-இல் முனையத்தின் வடபுறத்தில் 59 மாடிகளுடன் பான் ஆம் கட்டடம் எழுந்தது. (அந்த வானூர்தி நிறுவனம் வீழ்ந்தபின் கட்டடத்தின் உச்சியில் மெட்லைஃப் என்னும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் ஏறியது. நிறுவனப் பெயர் தாங்கிய கட்டடங்களின் இயல்பு அது.)

அதே 1963-இல் நகரின் மேற்கே பென்சில்வேனியா நிலையம் இடிக்கப்படத் தொடங்கியது. அவ்விழப்பின் அதிர்ச்சி 1965-ஆம் ஆண்டு மரபுச்சின்னச் சட்டம் நிறைவேற முதன்மைத் தூண்டுதல்களுள் ஒன்று. அச்சட்டத்தின்படி 1967-இல் கிராண்ட் சென்ட்ரலின் வெளிப்புறம் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. உட்புறத்துக்கு அத்தகுதி 1980-இல்தான் கிட்டியது.

1968-இல் நியூயார்க் சென்ட்ரலும் அதன் பழம்போட்டியாளரான பென்சில்வேனியா நிறுவனமும் இணைந்து பென் சென்ட்ரல் உருவாயிற்று. நொடிந்துகொண்டிருந்த அந்நிறுவனம் முனையத்தின் வான்வெளியை யுஜிபி என்னும் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. கட்டுமானக் காலத்தில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலரும், அதன்பின் ஆண்டுக்குக் குறைந்தது முப்பது இலட்சம் டாலரும் தருவதாக ஒப்பந்தம். அப்போது முனையத்திலிருந்த கடைகளின் வாடகை ஆண்டுக்கு ஏழு முதல் பத்து இலட்சம் டாலர் அளவிலேயே இருந்தது. மார்செல் பிராயர் இரு வரைவுகளைத் தந்தார். ஒன்று, முகப்பை விட்டுவைத்து மேலே 55 மாடி. மற்றொன்று, 42-ஆம் தெரு முகப்பின் ஒரு பகுதியை இடித்துவிட்டு 53 மாடி. பாதுகாப்பு ஆணையம் இரண்டையும் மறுத்தது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது.

1975-இன் தொடக்கத்தில் கீழமை நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நகர நிருவாகம் மேல்முறையீடு செய்யாமல் விட்டுவிடுமோ என்ற அச்சத்தில் முனிசிபல் ஆர்ட் சொசைட்டி ஒரு குழுவை அமைத்தது. ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ், கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சன் முதலியோர் செய்தியாளர்களைச் சந்தித்த இடம் முனையத்துக்குள்ளேயே உள்ள ஆய்ஸ்டர் பார் என்னும் உணவகம். மரபுக் காப்பு இயக்கம் ஒரு வாடகைக் கடையிலிருந்து அறிவிக்கப்பட்டது.

மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் நகரத்துக்குச் சார்பாகத் திரும்பின. 1978 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நகரத்தின் செயலை உறுதிசெய்தது. இத்தீர்ப்பின் தருக்கம் சற்று விரிவாக நோக்கத்தக்கது. தக்க இழப்பீடின்றித் தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுக்கக்கூடாது என்பது அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம். முனையத்தின் மேலுள்ள வான்வெளி ஒரு தனிச் சொத்து, அது முற்றிலும் பறிக்கப்பட்டுள்ளது என்பது பென் சென்ட்ரலின் வாதம். வில்கஸின் கருத்தை அப்படியே சட்டமொழியில் பெயர்த்தால் இவ்வாதம் கிடைக்கும். நீதிபதி பிரென்னன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இதனை ஏற்கவில்லை. சொத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டு முழுமையாகப் பறிபோயிற்று என்று கூற இயலாது. நிலப்பகுதி முழுமையையும் ஒன்றாகவே கருத வேண்டும். முனையம் அறுபத்தைந்து ஆண்டுகளாக எவ்வாறு பயன்பட்டதோ அவ்வாறே தொடரத் தடையில்லை. அதிலிருந்து நியாயமான வருவாயும் பெற இயலும். இதற்கும் மேலாக, பயன்படுத்தப்படாத வான்வெளி அழிந்துவிடவில்லை. அருகிலுள்ள குறைந்தது எட்டு மனைகளுக்கு அதனை மாற்றிக்கொள்ள நகரச் சட்டம் இடமளித்தது. இதுவே மாற்றத்தக்க மேம்பாட்டு உரிமை.

இதன் செயல்முறை எளிதானது. ஒரு மனையில் எவ்வளவு தளப்பரப்பு எழுப்பலாம் என்பதை நகரச் சட்டம் வரையறுக்கிறது. மரபுச் சின்னம் தாழ்ந்த கட்டடமாக இருப்பதால் அனுமதிக்கப்பட்ட தளப்பரப்பில் பெரும்பகுதி எஞ்சுகிறது. எஞ்சியதை உரிமையாளர் வேறு மனைக்கு விற்கலாம். வாங்கியவர் வழக்கமான வரம்புக்கு மேல் உயரக் கட்டலாம். சின்னம் தாழ்ந்தே நிற்க, அதன் உயரம் வேறிடத்தில் எழுகிறது.

நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைப் பாதுகாப்பு ஆர்வலர்கள் பெரும்பாலும் கடந்துசென்றுவிடுகின்றனர். அவ்வாறு விடத்தக்கதன்று அது. நகரம் முழுவதும் நுகரும் அழகுக்கான செலவை, மரபுச் சின்னமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிகச் சில கட்டடங்களின் உரிமையாளர்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் எழுப்பிய வினா. மாற்றத்தக்க உரிமை முழு இழப்பீடாகுமா என்பதைக் கீழமை நீதிமன்றம் ஆராய வேண்டும் என்றும் அவர் கருதினார். பெரும்பான்மைத் தீர்ப்புமேகூட அவ்வுரிமை முழு இழப்பீட்டுக்கு ஈடாகும் என்று கூறவில்லை. சுமையைத் தணிக்கிறது என்றே கூறியது. அதன் சந்தை மதிப்பு என்ன என்னும் வினா அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குத் திறந்தே கிடந்தது.

பெருங்கூடத்தின் வணிகம்

வழக்கு வான்வெளியைப் பற்றியது. கூடத்தின் கதை வேறு. 1950 முதல் 1990 வரை பெருங்கூடத்தின் கிழக்கு மேல்மாடத்தில் 18 அடி உயரமும் 60 அடி நீளமும் கொண்ட கோடாக் நிறுவனத்தின் ஒளிப்படம் தொங்கியது. ‘கலராமா’ என்பது அதன் பெயர். அதைக் காண்பதற்கென்றே வந்தவர்கள் உண்டு. ஆனால் கிழக்குச் சாளரங்களின் வெளிச்சம் நாற்பது ஆண்டுகள் மறைந்திருந்தது. கூரையிலிருந்த விண்மீன் ஓவியமும் கறுத்துப்போயிற்று. துப்புரவின்போது ஆராய்ந்ததில் அக்கறையின் பெரும்பகுதி எஞ்சின் புகையன்று, புகையிலைக் கறை என்று தெரியவந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கூரையின் ஒரு மூலையில் சிறு கருந்திட்டு துடைக்கப்படாமல் விடப்பட்டுள்ளது.

1994-இல் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் முனையத்தை 280 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துப் பெரும் புதுப்பிப்பைத் தொடங்கியது. 1998 அக்டோபர் 1 அன்று முனையம் மறுபடியும் அர்ப்பணிக்கப்பட்டது. விளம்பரங்கள் பெருங்கூடத்தை விட்டு நீங்கின. மூல வரைவில் இருந்தும் கட்டப்படாத கிழக்குப் படிக்கட்டு அப்போதுதான் எழுந்தது. அதேவேளையில் பக்க வழிகளிலும் கீழ்த்தளத்திலும் கடைகளும் உணவகங்களும் பெருகின. அங்காடி ஒன்று புதிதாக அமைந்தது. நடுக்கூடத்தை வெற்றிடமாக விட்டு, ஓரங்களில் வாடகையைத் திரட்டும் இவ்வமைப்பு 1913-இன் கணக்குக்கே திரும்பியது எனலாம்.

2011 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் கடை திறந்தது, முன்பு கலராமா தொங்கிய அதே கிழக்கு மேல்மாடத்தில். சுவரை மறைக்காமல், பெரிய பெயர்ப்பலகை இல்லாமல் அக்கடை அமைந்தது. காட்சி நோக்கில் கோடாக் விளம்பரத்தினும் பல மடங்கு அடக்கமானது. பூசல் எழுந்தது வாடகை பற்றி. முனையத்தின் வேறு கடைகளைப் போல விற்பனையில் ஒரு பங்கு தரும் விதி அவ்வொப்பந்தத்தில் இல்லை என்பது வெளிவந்ததும் பொது விவாதம் மூண்டது. பொதுச் சொத்தில் நிகழும் வணிகத்தை அழகு நோக்கில் மட்டும் மதிப்பிடுவது போதாது. ஒப்பந்தமும் படிக்கப்பட வேண்டும்.

இதனினும் ஆழமான இழப்பு ஒன்று அதிகம் பேசப்படவில்லை. மர இருக்கைகள் நிறைந்திருந்த காத்திருப்புக் கூடம் இன்று வாண்டர்பில்ட் கூடம் என்ற பெயரில் நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. அதன் ஒரு பகுதி 2016 முதல் உணவகங்களின் கையில் உள்ளது. 1980-களில் வீடற்றோர் பலர் அங்கே தங்கியிருந்தனர். பெருங்கூடத்திலும் இருக்கைகள் இல்லை. எனவே இன்று கிராண்ட் சென்ட்ரலில் எவரும் காசின்றி நுழையலாம், நடக்கலாம், அண்ணாந்து பார்க்கலாம். எதையும் வாங்காமல் அமர்வதுதான் அரிது. மரபுச்சின்னச் சட்டம் கல்லையும் ஓவியத்தையும் காத்தது. காத்திருத்தல் என்னும் பயன்பாட்டைக் காக்க அதில் வழியில்லை.

வான்வெளியின் பின்கதை

1978-இல் நீதிமன்றம் சுட்டிய மாற்றத்தக்க உரிமை நெடுங்காலம் பெரிதும் விலைபோகவில்லை. 1980-களின் தொடக்கத்தில் எதிர்த்தெருவில் எழுந்த பிலிப் மோரிஸ் கட்டடம் சுமார் 75,000 சதுர அடியை வாங்கியது. மாடிசன் அவென்யூவில் ஒரு வானளாவிக்குப் பெருமளவில் மாற்ற முயன்றபோது நகரத் திட்ட ஆணையம் 1989-இல் மறுத்தது. 2006-இல் முனையத்தின் உரிமையை வாங்கிய நிறுவனத்தின் பெயரே எல்லாவற்றையும் சொல்கிறது: ‘மிட்டவுன் டிடிஆர் வென்ச்சர்ஸ்’. டிடிஆர் என்பது மாற்றத்தக்க மேம்பாட்டு உரிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். முனையத்தை வாங்கியவர்கள் வாங்கியது முனையத்தையன்று.

எதிரே ‘ஒன் வாண்டர்பில்ட்’ என்னும் 1,401 அடி உயரக் கட்டடத்துக்கு நகரம் கூடுதல் தளப்பரப்பை வழங்கியது. ஈடாக அதன் உரிமையாளர் 22 கோடி டாலர் அளவுக்குப் போக்குவரத்து மேம்பாடுகளைச் செய்ய வேண்டும். தங்களிடம் வாங்க வேண்டியதை நகரமே கொடுத்துவிட்டதால் தங்கள் வான்வெளி மதிப்பிழந்தது என்று கூறி, 110 கோடி டாலர் கேட்டு முனையத்தின் உரிமையாளர்கள் 2015-இல் வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது. 2017-இல் அப்பகுதிக்கான விதிகள் திருத்தப்பட்டு, வான்வெளியை மிகப் பரந்த எல்லைக்குள் விற்க வழி பிறந்தது. விற்பனைத் தொகையில் ஒரு பங்கைப் பொது மேம்பாட்டு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. மறு ஆண்டே ஜேபி மார்கன் வங்கி தன் புதிய தலைமையகத்துக்காக ஆறரை இலட்சம் சதுர அடிக்கு மேல் வாங்கியது.

2023 ஜனவரியில் முனையத்தின் அடியாழத்தில் லாங் ஐலண்ட் தொடர்வண்டிகளுக்கான புதிய தளங்கள் திறக்கப்பட்டபோது அவற்றுக்குக் ‘கிராண்ட் சென்ட்ரல் மாடிசன்’ என்று பெயரிடப்பட்டது. அங்கும் வண்டிகள் முடிகின்றன. எனினும் முனையம், நிலையம் என்னும் சொற்கள் இரண்டும் பெயரில் இல்லை. திறந்த காலத்தில் அதன் கடைகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2020-இல், போக்குவரத்து ஆணையம் முனையத்தையும் அதனைச் சார்ந்த தண்டவாளங்களையும் சுமார் மூன்றரைக் கோடி டாலருக்கு விலைக்கு வாங்கி முடித்தது. நீண்ட குத்தகை ஏற்கெனவே ஆணையத்தின் கையில் இருந்தமையால் விலை குறைந்தது என்பது உண்மையே. ஆயினும் ஐந்தாண்டுகளுக்கு முன் அதன் மேலிருந்த காற்றுக்குக் கேட்கப்பட்ட தொகையில் அது முப்பதில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவாக இருக்கக் காண்கிறோம்.